ஓவியத்தின் ஆறு உறுப்புகள்: கலைச்சொல் பெயர்ப்பு நோக்கு

1. முன்னுரை

ஓவியம், சிற்பம், வடிவமைப்பு ஆகிய கட்புலக் கலைகளின் அடிப்படை நெறிகளைத் தமிழில் எடுத்துரைப்போர் இருவேறு சொற்றொகுதிகளைக் கையாள வேண்டியவராகின்றனர். ஒன்று, மேலைநாட்டுக் கலைக் கல்வி வழியாக வந்த சமநிலை, இசைவு, முரண், ஒருமைப்பாடு முதலியவற்றின் தொகுதி. மற்றொன்று, வடமொழி நூல் மரபில் 'ஷடங்கம்' என வழங்கும் ஆறு உறுப்புகளின் தொகுதி. மத்திய இடைநிலைக் கல்வி வாரியத்தின் மேனிலை வகுப்பு ஓவியப் பாடத்திட்டத்தில் இவ்விரு தொகுதிகளும் அருகருகே இடம்பெற்று வந்துள்ளன. எனவே பாடநூல் எழுதுவோரும் மொழிபெயர்ப்போரும் இரண்டையும் ஒருங்கே எதிர்கொள்கின்றனர்.

வடமொழித் தொகுதியை அப்படியே ஒலிபெயர்த்து எழுதிவிடலாம் என்பது பலரும் மேற்கொள்ளும் எளிய வழி. ஆனால் ரூபபேதம், பிரமாணம், பாவம், லாவண்ய யோஜனம், சாதிருசியம், வர்ணிகாபங்கம் என்று எழுதப்பட்ட பட்டியலைத் தமிழ் மாணவர் ஒருவர் படிக்கும்பொழுது அவர் மனத்தில் எழும் பொருள்கள் வேறாக உள்ளன. பேதம் என்றால் மனவேற்றுமை. பிரமாணம் என்றால் உறுதிமொழி. பாவம் என்றால் தீவினை, அல்லது இரக்கக் குறிப்பு. பங்கம் என்றால் கேடு, இழிவு. ஆறு சொற்களுள் நான்கு தமிழில் ஏற்கெனவே வேறு பொருளில் வேரூன்றியவை. ஒலிபெயர்ப்பு இங்குப் பொருளைக் காக்கவில்லை. பிறிதொரு பொருளைப் புகுத்துகிறது. இந்நிலையில் அவ்வாறு சொற்களும் உணர்த்தும் நெறிகள் யாவை, அவற்றுக்குத் தமிழ் இலக்கண மரபு தரக்கூடிய சொற்கள் யாவை என்பவற்றை இக்கட்டுரை விளக்க முற்படுகிறது.

2. மூலமும் அதன் சுருக்கமும்

ஷடங்கம் என்னும் பட்டியல், வாத்ஸ்யாயனரின் காமசூத்திரத்திற்கு யசோதரர் இயற்றிய ஜயமங்களா என்னும் உரையில் காணப்படுகிறது. இவ்வுரை பொதுவாக 13-ஆம் நூற்றாண்டினதாகக் கொள்ளப்படுகிறது. அறுபத்து நான்கு கலைகளைக் கூறுமிடத்தில் நான்காவதாக வரும் ஆலேக்கியம், அதாவது ஓவியம், என்பதை விளக்கும்பொழுது உரையாசிரியர் ஒரு சுலோகத்தை எடுத்துக்காட்டுகிறார். அச்சுலோகம் ஆறு உறுப்புகளின் பெயர்களை மட்டுமே சொல்கிறது. அவற்றுக்கு வரையறை தரவில்லை. ஆதலின் இன்று இவ்வாறு உறுப்புகளுக்குக் கூறப்படும் விரிந்த விளக்கங்கள் பெரும்பாலும் பிற்காலத்தார் கொண்ட பொருள்களே என்பதை மொழிபெயர்ப்பாளர் முதலில் மனங்கொள்ள வேண்டும்.

அப்பொருள்களுள் மிகுந்த செல்வாக்குப் பெற்றது அவனீந்திரநாத் தாகூர் (1871-1951) தந்த விளக்கமாகும். 1910-களில் அவர் எழுதிய கட்டுரைகள் 1921-இல் கல்கத்தாவில் நூலாக வெளிவந்தன. உருவங்களைப் பற்றிய அறிவு, சரியான காட்சியும் அளவும், உணர்வு உருவத்தின்மேல் நிகழ்த்தும் செயல், அழகேற்றல், ஒப்புமை, தூரிகையையும் வண்ணத்தையும் கையாளும் திறன் என்னும் முறையில் அவர் ஆறையும் விளக்கினார். ஆனந்த குமாரசாமி (1877-1947) 1934-இல் வெளியிட்ட இந்தியக் கலைக் கோட்பாட்டு நூலில் இவற்றுட் சிலவற்றை, குறிப்பாகச் சாதிருசியத்தை, வேறு முறையில் ஆராய்ந்தார். தமிழில் இன்று வழங்கும் விளக்கங்கள் பல, வடமொழியிலிருந்து ஆங்கிலத்திற்கும், ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கும் வந்த இரட்டைப் பெயர்ப்புகளாகும்.

சுலோகத்தின் இலக்கண அமைப்பும் நோக்கத்தக்கது. பரவலாக வழங்கும் பாடத்தில் முதல் இரண்டு சொற்களும் பன்மையில் உள்ளன. 'உருவ வேறுபாடுகள்', 'அளவுகள்' என்பதே சொல்லுக்குச் சொல் வரும் பொருள். ஆங்கில வழி வந்த விளக்கங்கள் இவற்றை ஒருமையாக்கி அருவக் கருத்துகளாகக் காட்டின. அடுத்து, பாவம், லாவண்யம், யோஜனம் மூன்றும் ஒரே தொகைச்சொல்லாக நிற்கின்றன. எண்ணிக்கை ஆறாக வேண்டியிருப்பதால் பாவம் தனியே பிரிக்கப்பட்டு, யோஜனம் லாவண்யத்துடன் மட்டும் சேர்க்கப்பட்டது. தொகையின் அமைப்பை நோக்கினால், யோஜனம் என்னும் 'பொருத்துதல்' இரண்டிற்கும் உரியது. பாவத்தைப் பொருத்துதல், லாவண்யத்தைப் பொருத்துதல் என விரித்தல் தகும். இவ்விரிவு கலைப் பொருளிலும் வேறுபாட்டை உண்டாக்குகிறது. பாவம் என்பது ஓவியத்தில் தானே இருப்பதன்று, ஓவியன் அமைத்துப் பொருத்துவது என்பது அதனால் விளங்கும்.

3. ஆறு உறுப்புகளும் தமிழ்ச் சொற்களும்

3.1 ரூபபேதம்

ஆண், பெண், முதியோர், இளையோர், தேவர், மாந்தர், விலங்கு, மரம் என்றாற்போல ஒவ்வோர் உருவமும் மற்றொன்றிலிருந்து வேறுபட்டுத் தோன்றுமாறு தீட்டும் அறிவே முதல் உறுப்பு. இதனை 'உரு வேறுபாடு' எனப் பெயர்ப்பதில் ஒரு சிக்கல் உண்டு. தொல்காப்பிய உவமவியல் உவமத்தின் அடிப்படைகளாக வினை, பயன், மெய், உரு என நான்கனைக் கூறுகிறது. அங்கு மெய் என்பது வடிவையும் உரு என்பது நிறத்தையும் குறிக்கும் என்பது உரையாசிரியர் கொள்கை. வடமொழியிலும் நியாய வைசேடிக நூல்களில் ரூபம் என்பது கண்ணால் மட்டும் அறியப்படும் நிறமாகிய குணத்தையே குறிக்கிறது. இரு மரபிலும் ஒரு சொல்லே நிறத்திற்கும் வடிவிற்கும் நிற்பது கருதத்தக்க ஒற்றுமை. சுலோகத்தின் இறுதியில் வண்ணம் தனியே கூறப்படுவதால் முதற்சொல் வடிவையே குறித்தது என்பது தெளிவு. ஆதலின் ஐயத்திற்கு இடமின்றி 'வடிவ வேறுபாடுகள்' எனப் பெயர்த்தல் நன்று.

3.2 பிரமாணம்

இச்சொல் தருக்க நூலில் அறிவு பெறும் வாயிலைக் குறிக்கும். தமிழ்த் தருக்க நூல்களில் 'அளவை' எனப்படுவது இதுவே. சிற்ப நூலில் அது உறுப்புகளின் அளவைக் குறிக்கும். அவனீந்திரநாத் தருக்கப் பொருளையும் உள்ளடக்கி இதனை விளக்கினார். அவ்விளக்கம் ஆழமுடையது எனினும், சுலோகத்தில் உள்ள பன்மை 'அளவுகள்' என்னும் சிற்ப நூற் பொருளுக்கே மிகப் பொருந்துகிறது. தமிழில் 'அளவை' என்னும் சொல் இரு பொருளையும் தாங்கவல்லது. தருக்கத்திற்கும் முகத்தலளவை, நீட்டலளவைகட்கும் அது வழங்குகிறது. இரு விளக்கத்திற்கும் இடந்தரும் சொல் ஒன்று கிடைத்திருக்க, உறுதிமொழியை நினைவூட்டும் 'பிரமாணம்' வேண்டுவதில்லை.

அளவு பற்றிய பகுதியைப் பெயர்ப்போர் மேலும் இரு சொற்களில் எச்சரிக்கையாக இருத்தல் வேண்டும். முதலாவது, அங்குலம். நவதாலப் படிமத்தின் உயரம் 108 அங்குலம். உத்தம தசதாலப் படிமத்தின் உயரம் 124 அங்குலம். இங்குக் கூறப்படும் அங்குலம் 2.54 செ.மீ. கொண்ட இன்றைய அங்குலமன்று. எடுத்துக்கொண்ட படிமத்தின் உயரத்தையே 108 அல்லது 124 கூறாகப் பிரித்துப் பெறும் ஒரு கூறு அது; அங்கை அளவான படிமத்திற்கும் ஆளுயரப் படிமத்திற்கும் ஒரே எண்ணிக்கைதான். இதனை அறியாது பெயர்த்தால் நவதாலப் படிமம் எல்லாம் ஒன்பது அடி உயரம் உடையதாகிவிடும். 'அங்குலக் கூறு' என்றோ 'படிம அங்குலம்' என்றோ எழுதின் பிழை நேராது. இரண்டாவது சொல் தாலம். அது பின்னர் விளக்கப்படும்.

3.3 பாவம்

தமிழ் எழுத்து முறையில் வல்லின எழுத்தொன்றே பல ஒலிகளுக்கும் நிற்பதால், மனநிலையைக் குறிக்கும் வடசொல்லும் தீவினையைக் குறிக்கும் வடசொல்லும் 'பாவம்' என ஒரே வடிவு பெறுகின்றன. முன்னதற்குத் தொல்காப்பியம் வழங்கும் சொல் மெய்ப்பாடு. உள்ளத்து நிகழ்வது உடம்பின்கண் புலப்படுதல் என்னும் அச்சொல்லின் அமைப்பு ஓவியத்திற்கு மிகவும் ஏற்றது. ஓவியன் காட்டக்கூடியது உடம்பை மட்டுமே. உள்ளம் அதன் வழியாகவே காணப்பட வேண்டும். கவிதையில் உணர்வைப் பெயர் சொல்லியும் குறிக்கலாம். ஓவியத்தில் அதற்கு வழியில்லை. எனவே 'மெய்ப்பாடு' மூலச் சொல்லினும் தெளிவாக இவ்வுறுப்பின் இயல்பை உணர்த்துகிறது எனலாம்.

3.4 லாவண்யம்

லவணம் என்னும் உப்பின் பெயரடியாகப் பிறந்த சொல் இது. உணவில் உப்புத் தனியே காணப்படாது. ஆனால் உணவு முழுவதிலும் பரவி நிற்கும். மிகினும் குறையினும் கெடும். உப்பின் அளவை நயத்திற்கு உவமையாக்கும் வழக்கம் தமிழுக்கும் புதிதன்று. திருவள்ளுவர் ஊடலின் அளவைக் கூறுமிடத்து (குறள் 1302) உப்பையே உவமிக்கிறார். காசுமீரத்து ஆனந்தவர்த்தனர் 9-ஆம் நூற்றாண்டில், கவிதையில் குறிப்புப் பொருள் சொற்பொருளின் வேறாய் நிற்பதற்கு, மகளிர் உறுப்புகளின் வேறாய் நின்று விளங்கும் லாவண்யத்தை உவமையாகக் காட்டினார். ஆகவே லாவண்யம் என்பது தனி உறுப்பின் அழகன்று, முழுமையில் தோன்றுவது.

இதனை அழகு, கவர்ச்சி, நளினம் எனப் பெயர்ப்பது வழக்கு. தொல்காப்பியச் செய்யுளியல் எண்வகை வனப்பினைக் கூறுகிறது. அழகு என்பது அவ்வெட்டனுள் ஒன்று மட்டுமே. வனப்பு என்பது பல உறுப்பும் திரண்டவழிப் பெறப்படும் அழகு என்பது பேராசிரியர் தரும் விளக்கத்தின் கருத்தாகும். உறுப்புகளின் வேறாய்த் திரட்சியில் தோன்றுவது என்னும் இப்பொருள் ஆனந்தவர்த்தனர் கூறும் லாவண்யத்துடன் நெருங்கி நிற்கிறது. ஆகவே 'வனப்பு' என்பதே இவ்வுறுப்புக்குத் தக்க பெயர்.

3.5 சாதிருசியம்

ஆறனுள் மிகுந்த கருத்து வேறுபாட்டுக்கு உள்ளானது இது. 'போன்றிருத்தல்' என்பது சொற்பொருள். எது எதைப் போன்றிருத்தல் என்பதே வினா. ஓவியம் தன் முன்னிருக்கும் பொருளைப் போன்றிருத்தல் என்று கொண்டால், நிழற்படமே சிறந்த சாதிருசியம் ஆகும். குமாரசாமி இக்கொள்கையை மறுத்து, புறப்பொருளைப் பார்த்து எழுதுவதை அச்சொல் குறிக்கவில்லை என்றும், ஓவியத்திற்குள் கருத்தும் காட்சியும் தம்முள் ஒத்தமைதலையே குறித்தது என்றும் வாதிட்டார்.

அவனீந்திரநாத் இந்திய ஓவிய உடற்கூறு பற்றி எழுதிய சிறு நூலில், புருவத்தை வேப்பிலையோடும் வில்லோடும், கண்ணை மீனோடும் கரிக்குருவியோடும், ஆடவர் உடற்பகுதியைப் பசுவின் முகத்தோடும் ஒப்பிட்டு வரைந்து காட்டினார். இங்கு நிகழ்வது உவமம் என்பது தமிழறிந்தோர்க்கு உடனே புலப்படும். புருவத்திற்கு வேப்பிலை மெய்யுவமம். அது வடிவு பற்றியது. கண்ணிற்குக் கரிக்குருவி வடிவு பற்றி மட்டும் வந்ததன்று. அதன் துள்ளலும் கருதப்படுவதால் வினையுவமமும் ஆகும். 'ஒப்புமை' எனப் பெயர்த்தால் நகல் என்னும் பொருளுக்கு இடமாகும். 'உவமம்' எனப் பெயர்த்தால், ஒத்தவை இரண்டும் ஒன்றல்ல என்பதும், எதனால் ஒத்தன என்று கேட்க வேண்டும் என்பதும் சொல்லிலேயே அடங்கும்.

3.6 வர்ணிகாபங்கம்

வர்ணிகா என்பதற்கு வண்ணப்பொருள், தூரிகை என இரு பொருளும் அகராதிகளில் உண்டு. பங்கம் என்பது உடைத்தல், பிரித்தல், வளைத்தல் எனப் பலவாறு பொருள்படும். சிற்பத்தில் சமபங்கம், ஆபங்கம், திரிபங்கம் என வரும்பொழுது அது உடல் வளைவு. இங்கு அது வண்ணத்தைப் பிரித்தும் கலந்தும் பல சாயல்களாக்கும் செயலைக் குறிக்கிறது. விஷ்ணுதர்மோத்தரத்தின் சித்திரசூத்திரப் பகுதி மூல வண்ணங்களை ஐந்தாக எண்ணி, கலப்பினால் அவை எண்ணிறந்தனவாகும் என்று கூறுவதும் இதற்குத் துணையாகும். 'வண்ணப் பகுப்பு' என்பது சொல்லுக்கு நெருங்கியது. 'வண்ணக் கூட்டு' என்பது செயலுக்கு நெருங்கியது. மாணவர்க்கு எழுதும் நூலில் பின்னதே விளங்கும்.

4. ஓர் எடுத்துக்காட்டு

அஜந்தா முதற் குகையிலுள்ள தாமரை ஏந்திய போதிசத்துவர் ஓவியத்தில் இவ்வாறனையும் ஒருங்கே காணலாம். இவ்வோவியம் பொதுவாக 5-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியினதாகக் கருதப்படுகிறது. போதிசத்துவர், சூழ நிற்போர், மலைப்பாறைகள் ஆகியவை தம்முள் மயங்காது விளங்குவது வடிவ வேறுபாடு. போதிசத்துவரின் உருவம் மற்றவற்றினும் மிகப் பெரிதாக அமைந்திருப்பது அளவை. அவ்வளவு தொலைவைக் குறிப்பதன்று, சிறப்பைக் குறிப்பது. தாழ்ந்த இமைகளும் சாய்ந்த தலையும் அருள் என்னும் மெய்ப்பாட்டைத் தருகின்றன. தலை, தோள், இடை என மூன்றிடத்தும் வளைந்து ஓடும் ஒரே கோட்டின் ஓட்டத்தில் வனப்புத் தோன்றுகிறது. எந்த ஓர் உறுப்பையும் தனியே எடுத்தால் அது இல்லை. புருவம் வில்லையும் இமை தாமரை இதழையும் நினைவூட்டுவது உவமம். உடலின் திரட்சி ஒளி நிழலாக அன்றி, ஒரே நிறத்தின் சாயல் வேறுபாட்டால் காட்டப்படுவது வண்ணக் கூட்டு.

5. மேலைத் தொகுதியும் அதன் சொற்களும்

மேலைநாட்டு நெறிகளும் என்றும் உள்ள ஒரே பட்டியலாக வந்தவை அல்ல. அமெரிக்கக் கலையாசிரியர் ஆர்தர் வெஸ்லி டோ 1899-இல் வெளியிட்ட நூலில் எதிர்நிலை, இடைமாற்றம், அடங்கிநிற்றல், மீள்வரவு, சமச்சீர் என ஐந்து நெறிகளைக் கூறினார். இருள் ஒளி அமைப்பைக் குறிக்க 'நோதான்' என்னும் ஜப்பானியச் சொல்லைப் பெயர்க்காமலே கையாண்டார். டென்மன் ராஸ் 1907-இல் இசைவு, சமநிலை, சந்தம் என மூன்றாகச் சுருக்கினார். பாடநூல்களில் வழங்கும் பட்டியல்கள் இத்தகைய முயற்சிகளின் தொடர்ச்சியே. ஆதலின் இவற்றையும் ஆறு உறுப்புகளையும் ஒன்றுக்கொன்று நேர் நிகராக வைத்துப் பெயர்த்தல் பொருந்தாது. முன்னவை பரப்பில் பொருள்கள் ஒன்றோடொன்று கொள்ளும் உறவைப் பற்றியன. பின்னவை ஓவியன் பெற வேண்டிய திறன்களைப் பற்றியன.

சமநிலை என்னும் சொல் நிலைபெற்றுவிட்டது. ஆயினும் அதன் இரு வகையும் பிரித்துணர்த்தப்பட வேண்டும். இரு தட்டிலும் ஒத்த எடை நிற்கும் தராசு போன்றது சமச்சீர்ச் சமநிலை. நீண்ட பக்கத்தில் நகர்த்தப்படும் சிறு குண்டு, குறுகிய பக்கத்தில் தொங்கும் பெரும் பொருளை நிறுக்கும் தூக்குக்கோல் போன்றது சமச்சீரில்லாச் சமநிலை. ஓவியத்தின் ஒரு பக்கத்துப் பெரிய மங்கிய உருவத்தை மறுபக்கத்து ஓரத்தில் உள்ள சிறிய செந்நிறப் புள்ளி ஈடுசெய்வது இரண்டாம் வகை. முரண் என்னும் சொல் யாப்பில் முரண்தொடையாக ஏற்கெனவே வழங்குவதால் ஒளியும் இருளும், நேர்கோடும் வளைகோடும் எதிர்நிற்றலைக் குறிக்கத் தடையின்றிப் பயன்படும். இயைபு என்பது யாப்பில் அடியிறுதி ஒன்றி வருதலுக்கு உரிய பெயராதலின், இசைவு என்பதே பொதுச்சொல்லாதல் நன்று.

மிகுந்த இடர்ப்பாடு தரும் சொல், சம இடைவெளியில் அல்லது ஒழுங்காக மாறும் இடைவெளியில் வடிவம் மீண்டும் மீண்டும் வருதலைக் குறிக்கும் சொல்லே. புள்ளிக் கோலத்திலும் சேலைக் கரையிலும் இதனை எளிதாகக் காணலாம். இதற்குத் தாளம் என்னும் பெயர்ப்பு வழக்கில் உண்டு. ஆனால் சிற்ப நூலில் தாலம் என்றும் தாளம் என்றும் எழுதப்படுவது பொதுவாக 12 அங்குலக் கூறு கொண்ட அளவு அலகாகும்; நவதாலம், தசதாலம் என்பன அதன் அடிப்படையில் அமைந்தவை. ஒரே நூலில் 'சிற்பத்தின் தாளம்' என ஓரிடத்தில் அளவையும் மற்றோரிடத்தில் மீள்வரவையும் குறித்தால் மாணவர் எதனைக் கொள்வது? வண்ணம் என்னும் சொல் மற்றொரு வாய்ப்பு. தொல்காப்பியச் செய்யுளியல் இருபது வண்ணங்களை ஓசை வேறுபாடுகளாகவே கூறுகிறது. ஆயினும் ஓவியத்தில் அச்சொல் நிறத்திற்கு இன்றியமையாததாகிவிட்டது. லயம் என்பது இசையில் காலநடையையும் பொது வழக்கில் ஒன்றித் தோய்தலையும் குறிப்பது. எஞ்சுவது சந்தம். ஒரு வாய்பாடு மீண்டு வருவதால் பிறக்கும் ஓசை என்னும் பொருளுடைய அது, கலை நூலில் வேறு பொருளுக்கு உரியதாக இல்லை. ஆகவே 'கட்புலச் சந்தம்' எனக் கொள்ளலாம்.

6. முடிவுரை

மேற்கண்டவற்றிலிருந்து சில கருத்துகள் பெறப்படுகின்றன. ஆறு உறுப்புகளுக்கும் முறையே வடிவ வேறுபாடுகள், அளவை, மெய்ப்பாடு, வனப்பு, உவமம், வண்ணக் கூட்டு என்னும் பெயர்கள் பொருந்துவன. இவற்றுள் நடு நான்கும் தமிழ்த் தருக்கம், இலக்கணம் ஆகியவற்றில் நெடுங்காலம் வழங்கி, வரையறையும் உரையும் பெற்றவை. அதனால் அவை வெறும் பெயராக நில்லாமல் விளக்கமாகவும் பயன்படுகின்றன. அதே காரணத்தால் அவற்றுக்கு ஓர் எல்லையும் உண்டு. செய்யுளுக்கு வகுத்த எண்வகை வனப்பையோ எண்வகை மெய்ப்பாட்டையோ அப்படியே ஓவியத்தின்மேல் ஏற்றிவிடலாகாது. சொல்லின் மையப் பொருளை மட்டுமே கொள்ளல் வேண்டும்.

ஒலிபெயர்ப்பை முற்றும் விலக்க வேண்டுவதில்லை. மூலப் பட்டியலை அறிமுகப்படுத்தும் இடத்தில் வடசொற்களை ஒருமுறை குறித்து, பின்னர்த் தமிழ்ச் சொற்களையே ஆளலாம். அங்ஙனம் குறிக்குமிடத்தும் பாவம், பிரமாணம், பங்கம் ஆகியவற்றுக்கு அங்கேயே பொருள் தருதல் இன்றியமையாதது. கலைச்சொற்களைத் துறைதோறும் தனித்தனியே ஆக்கும்பொழுது ஒரு துறையின் சொல் அண்டைத் துறையில் என்ன பொருளில் நிற்கிறது என்பது பெரும்பாலும் நோக்கப்படுவதில்லை. தாளமும் அங்குலமும் காட்டுவது இதனையே. ஓவியம், சிற்பம், இசை, யாப்பு ஆகிய நான்கின் கலைச்சொற்களையும் ஒருங்கே வைத்து ஒப்பிடும் சொற்றொகுதி ஒன்று தொகுக்கப்படின், பாடநூல் எழுதுவோர்க்கும் மொழிபெயர்ப்போர்க்கும் அது பெரிதும் துணைபுரியும்.